கூறியது கூறல் குற்றமோ?

நமது நகரில் ஆண்டுதோறும் மாணவர்க்கென நடைபெறும் ஓவியப் போட்டி ஒன்றிற்கு, இவ்வாண்டு என் விடுதித் தோழன் ஒருவன் தன் படத்தை எடுத்துச் சென்றான். துணைக்கு யானும் உடன் போந்தேன். அவன் வேதியியல் பயில்பவன், சோமனூர்ப் பக்கத்தவன், கூலிக்கு விசைத்தறி ஓட்டும் குடும்பத்திற் பிறந்தவன். அவன் தீட்டிய படத்தின் பொருளும் தறியே. பள்ளியின் இறுதி வகுப்பிற் படித்த காலத்தும், கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டிலும் அதே போட்டிக்கு அவன் தறியையே வரைந்து தந்திருந்தான். நடுவராய் வீற்றிருந்த பெரியவர் ஒருவர் அவனை நினைவிற் கொண்டிருந்தார் போலும். படத்தைச் சற்றே நோக்கிவிட்டு, "ஏன் தம்பி, இந்த வருஷமும் தறிதானா? வேறே ஒண்ணும் தோணலையா?" என்றார். சூழ நின்றோர் நகைத்தனர். தோழனும் உடன் நகைத்தான். ஆயினும் விடுதிக்குத் திரும்பும்வரை பேருந்தில் அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. அன்று தொட்டுச் சில திங்கள் அவன் தூரிகையைத் தொடவும் இல்லை.

அப்பெரியவர் கெட்ட எண்ணத்தோடு கூறினார் என்று யான் கருதவில்லை. நம்மிற் பெரும்பாலோர் கருதுவதையே அவர் வாய்விட்டுக் கூறினார். ஒரு பொருளை ஒருமுறை எழுதினாலும் தீட்டினாலும் அது முடிந்தது. மறுமுறை அதனைத் தொடுபவன் கற்பனை வறண்டவன் என்பதே உலகத்தார் கொண்ட முடிவு. தமிழ் பயிலும் எனக்கு அந்நொடியில் நன்னூல் நினைவிற்கு வந்தது. பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தார் என்று கொங்குநாட்டார் உரிமை பாராட்டும் பவணந்தி முனிவர், நூலிற்கு ஆகாத குற்றங்கள் பத்தினை எண்ணுமிடத்துக் கூறியது கூறல் என்பதனையும் ஒன்றாக வைத்தார். நடுவர் என் தோழன்மேற் சுமத்திய குற்றமும் இதுவே அன்றோ?

ஆனால் அவ்விதி இலக்கணம் முதலிய நூல்களுக்கு உரியது, பாட்டிற்கு உரியதன்று. நூலாசிரியன் ஒரு விதியை இருமுறை கூறின் மாணாக்கன் மயங்குவான், ஏடும் வீணாகும். மேலும், மீண்டும் கூறுமிடத்து வேறொரு பயன் விளையுமாயின் அது குற்றமாகாது என்று உரைகாரர்களே அமைதி கூறுவர். அந்த 'வேறொரு பயன்' யாது என்பதே இக்கட்டுரையில் யான் ஆராயப் புகுந்த பொருள்.

அந்நடுவர் பிரெஞ்சு நாட்டில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்திருப்பின், பால் செஸான் என்னும் முதியவரை எவ்வளவு இழித்துரைத்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். செஸான் 1839-ஆம் ஆண்டு தென் பிரான்சில் எக்ஸ் என்னும் ஊரிற் பிறந்தவர். அவ்வூருக்குக் கிழக்கே சாந்த் விக்துவார் என்றொரு சுண்ணாம்புக்கல் மலை உண்டு. உயரம் ஏறத்தாழ 1000 மீட்டர். நமது வெள்ளியங்கிரியின் முன் அது ஒரு தம்பி மலையே. அந்த மலையை எண்ணெய் வண்ணத்திலும் நீர்வண்ணத்திலுமாக அவர் 60 முறைக்கு மேல் தீட்டினார். 1902-ஆம் ஆண்டில் ஊர்ப்புறத்து மேட்டில் ஒரு பணிமனை கட்டிக்கொண்டு, அங்கிருந்து சிறிது தூரம் ஏறிச் சென்று, மலை எதிரே தோன்றும் இடத்தில் நின்று தீட்டுவார். இளமையிலும் நடுவயதிலும் தீட்டிய படங்களில் மரம் மரமாகவும், பாலம் பாலமாகவும், வீடு வீடாகவும் தெரிகின்றன. இறுதியாண்டுகளிற் தீட்டியவற்றிலோ பச்சையும் நீலமும் காவியுமாகிய சிறு சிறு பட்டைகளே உள. அருகிற் பார்த்தால் ஒட்டுத்துணி. தொலைவிற் பார்த்தால் மலை. 1906-ஆம் ஆண்டு செப்டம்பரில், தம் மகனுக்கு வரைந்த கடிதத்தில், ஆற்றங்கரையில் ஒரே இடத்தில் நின்று, சிறிது வலப்புறமும் சிறிது இடப்புறமும் சாய்ந்தாலே போதும், பல திங்களுக்கு வேண்டிய வேலை கிடைத்துவிடும் என்ற கருத்தை அவர் எழுதினார். அடுத்த திங்களில், வெளியே நின்று தீட்டிக்கொண்டிருந்தபோது பெருமழையில் அகப்பட்டு நோயுற்றுச் சில நாளில் இறந்தார். அறுபத்தேழு வயது கிழவர். உலகம் சுற்றிவரப் பொருளும் இருந்தது. எனினும், தம் ஊர் மலையைத் தாம் இன்னும் முழுமையாகக் காணவில்லை என்பதே அவர் துயரமாய் இருந்தது.

நம்மில் எத்தனை பேர் மேற்றிசையில் நிற்கும் நம் மலைகளை ஒருமுறையேனும் நின்று நோக்கியிருக்கிறோம்? பேரூர்ச் சாலையிற் செல்லும்போது மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் அவை ஒரே மலைதானா என்று யான் ஐயுற்றதுண்டு. இது இடையே தோன்றிய எண்ணம், மேலே செல்வேன்.

செஸானுக்கு ஓராண்டு இளையவராகிய கிளாட் மோனே என்பார் வேறொரு வழியில் இதனைச் செய்தார். 1890-ஆம் ஆண்டின் கோடை இறுதி தொடங்கி மறு ஆண்டு வரை, தம் வீட்டருகே வயலில் நின்ற கதிர்ப்போர்களை ஏறத்தாழ 25 படங்களாகத் தீட்டினார். போர் என்றால் நம் களத்துமேட்டில் வைக்கோற்போர் நிற்குமே, அதன் இனமான பொருள்தான். அதில் என்ன அழகு என்று கேட்பார் கேட்கலாம். காலைப்பனியில் ஒரு படம், நண்பகலில் ஒன்று, பனிக்கட்டி மூடியபோது ஒன்று, ஞாயிறு மறையும்போது ஒன்று. ஒளி மாறுந்தோறும் அவர் ஒரு கித்தானைக் கீழே வைத்து வேறொன்றை எடுப்பார். 1891-இல் அவற்றுள் 15 படங்களைப் பாரிசில் ஒரே அறையில் மாட்டினார். பின்னர் 1892 முதல் ரூவான் நகரத்துப் பேராலயத்தின் முகப்பை, எதிர் வீட்டு அறைகளில் இருந்துகொண்டு 30-க்கு மேற்பட்ட படங்களாகத் தீட்டினார்.

கிறிஸ்தவனாகிய யான் அப்படங்களின் அச்சுப்பிரதிகளை முதலிற் கண்டபோது மனம் சிறிது வருந்தியது என்பதை மறைக்கவேண்டுவதில்லை. அவற்றில் தொழுவார் இல்லை, மணியோசை இல்லை, பீடம் இல்லை. கல்லும், அக்கல்லின்மேல் வெயிலும் மட்டுமே உள. தேவாலயத்தை வைக்கோற்போராகக் கருதிவிட்டாரே என்று எண்ணினேன். பிறிதொரு நாள் பார்க்கையில், வைக்கோற்போரையும் தேவாலயமாகக் கருதினார் என்று ஏன் கொள்ளலாகாது என்று தோன்றிற்று. இவ்விரண்டில் எது சரியென்று இன்னும் என்னால் துணிய முடியவில்லை.

அப்பேராலயப் படங்களில் 20-ஐ மோனே 1895-இல் ஒருங்கே காட்டினார். அவருடைய நண்பரும், பின்னாளில் பிரான்சின் முதல் மந்திரியாய் விளங்கியவருமாகிய கிளெமான்சோ, அவற்றைக் கண்டு ஓர் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். இப்படங்கள் தனித்தனியே விற்கப்பட்டுச் சிதறலாகா. அனைத்தையும் சேர்த்து ஓரிடத்தில் வைத்தல் வேண்டும் என்று வற்புறுத்தினார். நாட்டின் தலைவரையே விளித்துக் கேட்டார். யாரும் செவிசாய்க்கவில்லை. படங்கள் சிதறின; இன்று பல நாடுகளின் காட்சிச்சாலைகளில் ஒன்றும் இரண்டுமாகத் தொங்குகின்றன. இச்செய்தியை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். இறுதியில் இதற்கு மீண்டும் வருவேன்.

நிற்க. இஃது ஐரோப்பியர் கண்ட புதுமை என்று எண்ணிவிடுதல் வேண்டா. ஐங்குறுநூற்றைப் பயின்றவர் எவரும் மோனேயைக் கண்டு வியப்படையார். 500 சிறு பாட்டுகள். திணைக்கு நூறாக ஐந்து புலவர் பாடியவை. ஒவ்வொரு நூறும் பப்பத்தாகப் பகுக்கப்பட்டது. அந்தப் பத்துகளின் பெயரைப் பாருங்கள்: களவன் பத்து, எருமைப் பத்து, குரக்குப் பத்து, கிள்ளைப் பத்து, கேழற் பத்து, மஞ்ஞைப் பத்து. நண்டைப் பற்றிப் பத்து, குரங்கைப் பற்றிப் பத்து, பன்றியைப் பற்றிப் பத்து! நம் நடுவர் ஓரம்போகியாரைக் கண்டிருப்பின், "என்ன புலவரே, இன்னும் நண்டுதானா?" என்று கேட்டிருப்பார் அல்லரோ?

இவற்றுள் அம்மூவனார் பாடிய வெள்ளாங்குருகுப் பத்து எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. வெள்ளாங்குருகின் குஞ்சு ஒன்று இறந்தது. அதனைக் காணச் சென்றது மெல்ல நடக்கும் நாரை ஒன்று. பத்துப் பாட்டும் இதே செய்தியோடு, இதே சொற்களோடு தொடங்குகின்றன. அதன்பின் அந்நாரை ஒரு பாட்டிற் செய்வதை மறுபாட்டிற் செய்யாது. அதனைக் கேட்கும் தோழியும் தலைவியும் பாட்டுக்குப் பாட்டு வேறு மனநிலையினர். முதற்பாட்டை மட்டும் படிப்பவனுக்கு ஒரு பறவையின் செய்தி கிடைக்கும். பத்தையும் படிப்பவனுக்கோ, அந்தத் தொடக்கம் காதில் விழுந்தவுடனேயே நெஞ்சில் ஓர் அச்சம் பிறக்கும். இம்முறை என்ன வருமோ என்று. இவ்வச்சம் எந்தப் பாட்டின் சொல்லிலும் இல்லை. பாட்டுகளுக்கு இடையே உள்ளது. உரைகாரர் கூறிய வேறொரு பயன் இதுவே என்பது என் துணிபு. இந்நூலைத் தொகுப்பித்தவன் சேரர் குடியில் இரும்பொறை மரபினனாகிய யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல். கொங்குநாட்டோடு தொடர்புற்ற அம்மரபில் வந்தவன், பத்துப் பாட்டில் ஒன்று போதும், எஞ்சியவற்றை நீக்குக என்று கூறவில்லை. அவன் வாழ்க!

நாம் காலைதோறும் சிற்றாலயத்தில் வாசிக்கக் கேட்கும் வேதாகமத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரே வரலாற்றை மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்னும் நால்வர் கூறுகின்றனர். முதல் மூவர் கூறும் நிகழ்ச்சிகளிற் பல ஒன்றே. நான்கையும் சேர்த்து ஒரே நூலாக்க முயன்றவர் பழங்காலத்திலேயே இருந்தனர். இரண்டாம் நூற்றாண்டில் தத்தியான் என்பார் அவ்வாறே செய்தார். சீரிய திருச்சபையில் அந்நூல் நெடுங்காலம் வழங்கவும் செய்தது. எனினும் திருச்சபை ஈற்றில் நான்கினையும் நான்காகவே போற்றிக்கொண்டது. காரணம் அறிஞர் கூறுவர். பாமரனாகிய எனக்குத் தோன்றுவது இது: ஒருவரே கூறியிருப்பின் நாம் கேட்டுவிட்டு எழுந்து போயிருப்போம்.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தியாவின் புதுமை ஓவியர்களுள் ஒரு பொருளிலேயே தம் இறுதிக்காலம் முழுவதையும் செலவிட்டவர் ஒருவர் கோயம்புத்தூரிலேயே பிறந்தவர் என்பதை நம்மிற் பலர் அறியோம். என் வகுப்பில் விசாரித்தேன், ஒருவரும் அறிந்திலர். யானும் சென்ற ஆண்டு வரை அறிந்தேனல்லேன். அவரே கே. சி. எஸ். பணிக்கர். பிறப்பு 1911, மலையாளக் குடும்பத்தினர். இளமையில் தந்தி இலாகாவிற் பணிபுரிந்து, பின்னர்ச் சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றார். 1957 முதல் 1967 வரை அப்பள்ளியின் தலைமையையே வகித்தார். 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில், மாணாக்கரும் நண்பருமாகிய ஓவியர் பலரோடு சேர்ந்து சோழமண்டலம் என்னும் ஓவியர் சிற்றூரை நிறுவினார். பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று அவர்கள் வயிறு வளர்த்தனர். எஞ்சிய பொழுதில் தம் மனம் விரும்பியதைத் தீட்டினர்.

1954-இல் பணிக்கர் இலண்டனும் பாரிசும் சென்று வந்தார். ஐரோப்பியப் படங்களை நேரிற் கண்டார். வான்கோ, கோகன் ஆகியோர் சாயல் அவருடைய அக்காலத்துத் தோட்டப் படங்களில் உண்டு என்பர். அவையும் ஒரு வரிசையே. 1963-இல் ஒரு நிகழ்ச்சி. மாணவன் ஒருவனுடைய கணக்கு ஏட்டின் ஒரு பக்கம் அவர் கண்ணிற் பட்டது. எண்களும், எழுத்துகளும், வடிவகணிதக் கோடுகளும், படிக்க இயலாத கிறுக்கலும் நிறைந்த பக்கம். நாமாயின் அதனைக் கண்டு அம்மாணவனைக் கடிந்திருப்போம். பணிக்கரோ அதன் தோற்றத்தில் அழகு கண்டார். அன்று பிறந்த வரிசைக்குச் 'சொற்களும் குறிகளும்' என்பது பெயர். 1977-இல் தாம் இறக்குமளவும், ஏறத்தாழ பதினான்கு ஆண்டு, அவர் அதனை விடவில்லை.

யான் அவற்றை அச்சுப் படங்களிலேயே கண்டேன். மூலத்தைக் காணும் பேறு இன்னும் வாய்க்கவில்லை. மங்கிய வெண்மையான பரப்பு; அதில் சாதகக் கட்டம் போன்ற சதுரங்கள்; பாம்பு, மீன், பறவை முதலியவற்றின் சிறு உருவங்கள்; இவற்றைச் சூழ்ந்து வரிவரியாக மலையாள எழுத்தின் சாயலுடைய கிறுக்கல். மலையாளம் அறிந்த தோழர் ஒருவரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் முயன்று, "படிக்க வருவதுபோல் இருக்கிறது, ஆனால் வரவில்லை" என்றார். அச்சொல்லே அப்படங்களுக்கு நல்ல உரை. பாட்டன் விட்டுச்சென்ற ஓலைச்சுவடியை எடுத்து நோக்கும் பேரனுக்கும் இதே நிலைதான். எழுத்து நம் எழுத்து. பொருள் நம்மைவிட்டு நீங்கியது. ஒரு படத்தில் இதனைக் கண்டால் விளையாட்டு என்று தோன்றும். பல படங்களிற் காணும்போது, ஒரு மனிதர் பதினான்கு ஆண்டு ஒரு கதவின் முன் நின்று தட்டிக்கொண்டிருந்தார் என்பது புலனாகும்.

இங்ஙனம் கூறுவதனால், திரும்பத் திரும்பச் செய்வதெல்லாம் சிறந்தது என்று யான் வாதிப்பதாகக் கொள்ளவேண்டா. ஒரு படம் விலைபோயிற்று என்பதற்காக அதனையே நூறு முறை எழுதி விற்பார் உளர். அதிலும் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. வங்கத்து ஜாமினி ராய், கிறிஸ்தவர் அல்லாதவராயினும் கிறிஸ்து பெருமானைப் பலமுறை தீட்டியவர், தம் படங்களை வீட்டாரின் துணையோடு வேண்டுமென்றே படியெடுத்துக் குறைந்த விலைக்கு விற்றார். எளிய குடும்பத்தின் சுவரிலும் ஓவியம் தொங்கவேண்டும் என்பது அவர் கருத்து. அதனைப் பழிக்க என் நா எழவில்லை. எனினும் படியெடுப்பது வேறு. மீண்டும் செல்வது வேறு. முன்னையவன் தான் கண்டுவிட்டதாகக் கருதுகிறான். பின்னையவன் இன்னும் காணவில்லை என்று தவிக்கிறான்.

பின்னையவனுக்கு ஜார்ஜ் ரூவோ ஒரு சான்று. இளமையில் கோயிற் பலகணிகளின் வண்ணக் கண்ணாடிகளைச் செப்பனிடும் தொழில் பயின்றவர். அதனால்தானோ, அவர் தீட்டிய முகங்களைச் சுற்றி ஈயக்கம்பி போன்ற தடித்த கருங்கோடு ஓடுகிறது. கோமாளி, விலைமகள், நீதிபதி, முள்முடி தரித்த கிறிஸ்து: இந்நால்வரையே வாழ்நாள் முழுதும் தீட்டினார். அவருடைய படங்களை வைத்திருந்த வணிகர் இறந்தபின், முடிவுறாத படங்களைத் திருப்பித் தருமாறு அவர் வழக்காடினார், வென்றார். பெற்றவற்றுள் 315 படங்களை 1948-இல் தீயிலிட்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. இனி அவற்றை முடிக்க இயலாது என்பதே காரணம். விலைக்காக மீண்டும் மீண்டும் தீட்டுபவன் இதனைச் செய்வானோ?

இக்காலத்தில் இவ்வேறுபாட்டை அறிதல் முன்னினும் இன்றியமையாததாயிற்று. கைபேசியில் ஒரு வாக்கியத்தைத் தட்டினால், எவரும் இதுவரை எண்ணாத காட்சியை இயந்திரம் சில நொடிகளில் தீட்டித் தருகிறது. கடலடியில் பறக்கும் யானை வேண்டுமோ? இதோ. நூறு வேண்டுமோ? இதோ. புதுமை இத்துணை மலிந்தபின்னும் போட்டிகளில் நாம் புதுமைக்கே மதிப்பெண் வழங்கிக்கொண்டிருக்கிறோம். தன் தந்தையின் தறியை மூன்றாண்டு பார்த்தவனிடம் உள்ளது வேறு சரக்கு. அதனைத் தட்டி வரவழைக்க இயலாது.

அவனுடைய மூன்று படங்களையும் விடுதி அறையில், கட்டிலின்மேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதற் படத்தில் எல்லாம் இருந்தன: தறி, நாடா, பாவு, நூற்கண்டு, சுவர்க்கடிகாரம், சாமி படம், தேநீர்க் குவளை. தறிக்குடோன் என்று அவர்கள் ஊரில் வழங்கும் கொட்டகையின் சரக்குப் பட்டியல் போல இருந்தது. இரண்டாவதில் தந்தையாரின் முதுகு மட்டும். முன்னே பாவு நூல் நூற்றுக்கணக்கான கோடுகளாய் நின்றது. மூன்றாவதில், நடுவர் சற்றே நோக்கி நகைத்த படத்தில், தறி நின்றுவிட்டது. மின்சாரம் இல்லை. கூரையின் கண்ணாடி ஓட்டின் வழியே விழுந்த ஒளி, வெள்ளைப் பாவின்மேல் ஒரு கட்டமாய்க் கிடந்தது. தந்தையார் ஓர் ஓரத்தில் காதைக் கையாற் பொத்தியபடி அமர்ந்திருக்கிறார்.

ஏன் காதைப் பொத்தியிருக்கிறார் என்று கேட்டேன். தறியின் ஓசையைப் படத்திற் கொண்டுவர இரண்டாண்டு முயன்றும் இயலவில்லை என்றான். இருபது தறி ஓடும் கொட்டகையில் ஒருவர் பேசுவது ஒருவர்க்குக் கேளாது. அவன் தந்தைக்குச் செவியும் மந்தம். ஒருநாள் மின்சாரம் நின்றபோதுதான் அவனுக்குத் தெரிந்தது, ஓசை நின்ற பின்பும் அவர் காதில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது என்று. முதலிரண்டு படங்கள் இல்லையேல் இது அவனுக்குக் கிட்டியிருக்குமோ? மூன்றாவதை மட்டும் கண்ட நடுவர்க்கும் இது எவ்வாறு விளங்கும்? அவரை முற்றும் குறை கூறவும் என்னால் இயலவில்லை. ஒருவர் ஒரு படமே தரலாம் என்பது போட்டியின் விதி.

ஆதலின் நமது கல்லூரி ஓவியக் கழகத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டிறுதிக் கண்காட்சியில் ஒரு சுவரையேனும் ஒருவனுக்கே விட்டுவிடுங்கள். மூன்றாண்டும் ஒன்றையே வரைந்தவன் எவனாயினும், அவன் படங்களனைத்தும் அருகருகே அங்குத் தொங்கட்டும். கிளெமான்சோ ஒரு நாட்டின் தலைவரிடம் கேட்டுப் பெறாததை, யான் நம் கழகச் செயலாளரிடம் கேட்கிறேன். பரிசு வேண்டுவதில்லை, ஆணியும் சுவரும் போதும்.

தோழனிடம் இவ்வெண்ணத்தைக் கூறினேன். கித்தான் வாங்கி வைத்திருப்பதாகவும், வருகிற விடுமுறையில் தந்தையோடு இரவுமுறைக்குச் செல்லவேண்டும் என்றும் சொன்னான். இரவில் தறியை அவன் இதுவரை வரைந்ததில்லையாம்.